இயந்திர மனிதன் வரிசையை விட்டு விலகலாகாது

பாடசாலை மாணவர்களுக்கு நடத்தப்படும் ரோபோப் போட்டிகளால் நாட்டுக்கு விளையும் நன்மைகளைப் பற்றி இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். சிந்தனை வளர்கிறதாம். கூட்டாக வேலை செய்யும் பழக்கம் வருகிறதாம். தோல்வியைத் தாங்கும் மனம் உண்டாகிறதாம். கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். படத்தில் மாணவர் நாலு பேர், பெரியவர்கள் பதினொரு பேர், ரோபோ ஒன்று. ரோபோ பெரியவர் ஒருவருடைய கையில் இருக்கும். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எண்ணுவது என் தொழில். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணும் கிளாக்கராக இருந்து பென்சனில் இளைப்பாறியவன் நான். மூட்டைகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை.

இந்த நன்மைகளில் சிலவற்றை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அது சண்டைக் காலம். சமாதானம் என்று ஒன்று கையெழுத்தாகி, கடதாசியில் மட்டும் உயிரோடு இருந்த நாட்கள். சம்பூர்ப் பக்கத்தில் இருந்து ஏதாவது ஷெல் வரும். துறைமுகத்தில் இருந்து பதில் போகும். நடுவில் வலயக் கல்வி அலுவலகம் ஒரு சுற்றுநிருபம் அனுப்பும். மூன்றில் எது யார் தலையில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் விழுந்தது சுற்றுநிருபம்.

நான் அப்போது உப்புவெளியில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்தி பதினோராம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அவள் பாடசாலையில் கணிதப் பிரிவு பெயருக்கு இருந்தது, ஆசிரியர் இல்லை. வர்த்தகப் பிரிவில் ஆசிரியர் தாராளம். கணிதம் படிப்பதென்றால் பின்னேரங்களில் டவுனுக்குள் டியூசனுக்குப் போய்வர வேண்டும். வீட்டுக்கும் டியூசனுக்கும் இடையில் இரண்டு ஆமி செக்பொயின்ற். போவது பிரச்சினையில்லை, பொழுது படுகிற நேரம் திரும்பி வருவதுதான் பிரச்சினை.

மருமகன் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கர். அவர் சொன்னார்: "வயரும் பற்றரியும் தெரிஞ்ச பிள்ளையளைத்தான் முதல் விசாரிக்கிறாங்கள். வர்த்தகம் படிச்சவளை ஆர் என்ன கேக்கப் போறான்? ஐந்தொகைக் கணக்கில குண்டு வைக்க ஏலுமோ?"

எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற எனக்கே அந்தக் கவலையில் பிழை பிடிக்க முடியவில்லை. பேத்தி மட்டும் பிடித்தாள். சாப்பாட்டு மேசையில், படிக்கட்டில், கிணற்றடியில் என்று எங்கே கண்டாலும் தகப்பனைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவர் அலுத்துப் போய் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"ஏதோ ரோபோப் போட்டி எண்டு சொன்னாய்தானே? அதில முதலாவதா வா. கணிதம் படி. இல்லாட்டி வாய் திறக்காம வர்த்தகம்."

"சத்தியமா?"

"ஓம் ஓம்."

நடக்காத காரியத்துக்கு ஓம் என்று சொல்வது கச்சேரியில் அவருக்கு நன்றாகப் பழகியிருந்தது.

பேத்தியும் அவளுடைய வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் அணி. தோழிகளில் ஒருத்தி வாயாடி, மற்றவள் பேசுவதில்லை, ஸ்க்ரூ முடுக்குவாள். மூன்று பேரும் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து போட்டிச் சுற்றுநிருபத்தைப் படித்தார்கள். அது ஆங்கிலத்தில் பிறந்து, சிங்களத்தில் வளர்ந்து, தமிழில் வந்து இறங்கியது. வழியில் அதற்கு நேர்ந்தவை நடையிலேயே தெரிந்தன. பேத்தி உரத்து வாசித்தாள்:

"இயந்திர மனிதன் வரிசையைப் பின்பற்றிச் செல்லுதல் வேண்டும். வரிசையை விட்டு விலகலாகாது. விலகுமிடத்து மீண்டும் ஆரம்பத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். இடையில் மனிதர் கைபடலாகாது. குறைந்த நேரத்தில் வரிசையின் முடிவை அடையும் இயந்திர மனிதனே வெற்றி பெற்றதாகக் கருதப்படும்."

"வரிசையெண்டா என்ன?" என்று கேட்டேன்.

"வரிசைதான் அம்மப்பா. பேக்கரியில பாணுக்கு நிக்கிறது, மண்ணெண்ணெய்க்கு நிக்கிறது, செக்பொயின்ற்ல நிக்கிறது."

"கியூ, தாத்தா" என்றாள் வாயாடி, எனக்குத் தமிழ் விளங்காது என்பது போல.

'விலகுமிடத்து மீண்டும் ஆரம்பத்திலிருந்தே' என்ற இடத்தில்தான் எங்கள் எல்லோருக்கும் சந்தேகம் தீர்ந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் காலை முழுவதும் நின்றவன் ஒருக்கால் வேலியோரம் ஒதுங்கிவிட்டு வந்தால், வாலில்தான் நிற்க வேண்டும். இதை எழுதியவர் நின்று பட்டவர்தான் என்று எண்ணினேன். கொழும்பிலும் எங்களைப் புரிந்த ஒருவர் இருக்கிறார் என்று ஒரு சந்தோசமும் வந்தது.

விஞ்ஞான ரீச்சரிடம் கேட்டதற்கு, "இதில என்ன விளக்கம் வேணும்? நல்ல காலத்துக்கு எங்கட பிள்ளையளுக்குப் பழகின விசயமாத் தந்திருக்கினம்" என்றாராம். மருமகன் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து ஒன்று மட்டும் சொன்னார்: "குறைஞ்ச நேரத்தில வரிசை முடியோணுமெண்டா ரோபோ மட்டும் காணாது, உள்ளுக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கோணும்."

ஆக, வரிசையில் நிற்கத் தெரிந்த ஓர் இயந்திர மனிதனைச் செய்வது என்று முடிவாயிற்று. முன்னால் நிற்பவர் நகர்ந்தால் நகர வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும். முண்டக் கூடாது, இடைவெளியும் விடக் கூடாது, இடைவெளி விட்டால் ஒருவன் புகுந்துவிடுவான். இத்தனையையும் மனிதர்களே சரியாகச் செய்வதில்லை.

கால்களுக்கு, கனடாவில் இருக்கும் மருமகனின் தம்பி அனுப்பிய விளையாட்டு ஜீப்பின் கீழ்ப்பாதி. உடம்புக்கு ஒரு பால்மா டின். மனிதன் என்று எழுதியிருக்கிறதே என்று அதன் மேல் சின்ன டின் ஒன்றைத் தலையாக வைத்தார்கள். மூளைக்கு என்ன செய்வது என்று மூன்று பேரும் குழம்பிக்கொண்டிருந்த ஒரு நாள், பேத்தி பிரிட்ஜைத் திறந்து மூடித் திறந்து மூடி நின்றாள். கரண்ட் காசு ஏறுகிறது என்று சத்தம் போட்டேன்.

"அம்மப்பா, கதவைத் திறந்தா பல்ப் எரியுது. பூட்டினா நூருது. ஏன்?"

"கதவு சுவிட்சை அமத்துது, அதால."

"அமத்தினா நிக்குது, விட்டா ஓடுது! இதுதானே எங்களுக்கு வேணும்?"

அந்தப் பின்னேரமே பிரிட்ஜின் சுவிட்ச் இயந்திர மனிதனுக்கு மூளையாயிற்று. ஒரு பழைய குடைக் கம்பியை முன்னால் நீட்டிவிட்டு, அதன் அடியைச் சுவிட்சில் பொருத்தினார்கள். கம்பியின் நுனி எதையாவது தொட்டால் சுவிட்ச் அமரும், மோட்டர் நிற்கும். தொட்டது விலகினால் மோட்டர் ஓடும். அவ்வளவுதான். எங்கள் பிரிட்ஜுக்குள் அன்று தொடங்கிய இருட்டு மாதக் கணக்கில் நீடித்தது. முட்டைகளைத் தடவித்தான் எண்ண வேண்டியிருந்தது, எண்ணும்போது ஒன்றை உடைத்தேன்.

ஒத்திகைக்கு வரிசை வேண்டுமே. வீட்டில் உள்ளவர்களைத்தான் நிறுத்தினார்கள். நான் முன்னால், எனக்குப் பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் வாயாடி, கடைசியில் இயந்திர மனிதன். விறாந்தையில் தொடங்கிக் குசினி வரைக்கும் போவோம். குசினியில் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள், திரும்பி வருவோம். சீலை உடுத்தவர்களுக்குப் பின்னால் நின்றால் குடைக் கம்பி சீலை மடிப்புக்குள் நுழைந்துவிடும், ஆள் நிற்பது அதற்குத் தெரியாது, காலில் முட்டும். ஸ்க்ரூ முடுக்குகிறவள் மாஜரின் டப்பா மூடி ஒன்றைக் கம்பியின் நுனியில் ஒட்டினாள். அதற்குப் பிறகு சீலை, சாரம், காற்சட்டை எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

பெண்பிள்ளைகள் அதை 'இவர்' என்றுதான் சொல்வார்கள். "இவருக்குப் பற்றரி இறங்கிட்டுது", "இவர் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறார்." மருமகன், "அதைத் தூக்கி அங்கால வையுங்கோ, நடக்க வழியில்லை" என்பார். ஒத்திகை நேரமெல்லாம் கதிரையில் பத்திரிகையை விரித்தபடி இருப்பார். எப்போது பார்த்தாலும் அதே பக்கம்தான்.

ஒரு முறை வாயாடி ஒரு பகிடி செய்தாள். வரிசையில் நிற்பவருக்கு ஐசி இல்லாமல் எப்படி என்று, மட்டையில் ஓர் அடையாள அட்டை எழுதி அதன் கழுத்தில் தொங்கவிட்டாள். பெயர்: இல்லை. தொழில்: வரிசையில் நிற்றல். பிறந்த இடம்: பிரிட்ஜ். மகள் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். நானும் சிரித்தேன். மருமகன் எழுந்து வந்தார், அட்டையைக் கழற்றினார், கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி அடுப்பில் போட்டார்.

"பகிடி விளங்கிற ஆக்கள் எல்லா இடத்திலயும் நிக்கிறேல்லப் பிள்ளை" என்றார்.

வாயாடி இயந்திர மனிதனை வெறுங்கழுத்தோடு வரிசையில் திருப்பி வைத்தாள்.

போட்டி டவுனில் ஒரு பெரிய ஆண்கள் பாடசாலையின் மண்டபத்தில் நடந்தது. மருமகன் கச்சேரிக்கு லீவு போட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். செக்பொயின்ற்றைத் தாண்டும்போது பெரிய மனிதன் ஒருவன் கூட இருக்க வேண்டும் என்றார். நானும் போனேன், அதனால் பெரிய மனிதர் இரண்டு. போகும்போது ஆமிக்காரர் பால்மா டின்னுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு எங்களைப் போக விட்டார்கள்.

மண்டபத்தில் ஒன்பது இயந்திர மனிதர்கள் வந்திருந்தார்கள். ரிமோட் என்ற சொல்லைக் கேட்டாலே அக்காலத்தில் அதிபர்மாருக்கு வியர்க்கும், தூரத்தில் இருந்து ஒன்றை இயக்குவது என்பதற்கு ஊரில் வேறு அர்த்தம் இருந்தது. ஆகவே பாதிப் பேர் நீண்ட வயரில் கட்டப்பட்டு, மேய்ச்சலுக்குப் போகும் ஆடுகளைப் போல வந்தார்கள். ஒன்று சல்யூட் அடித்தது. ஒன்று பன்னீர் தெளித்தது. ஒன்று பிரதம விருந்தினருக்கு மாலை போடுவதற்கென்றே செய்யப்பட்டது, மாலையின் பாரம் தாங்காமல் முன்னால் கவிழ்ந்து வணங்கிய நிலையில் கிடந்தது. மூன்று நடுவர்கள். ஒருவர் பல் வைத்தியர், மோட்டர் பாவிக்கிறவர் என்பதால். ஒருவர் விளையாட்டு ஆசிரியர், போட்டி என்பதால். மூன்றாமவர் கல்வி அலுவலகத்து அதிகாரி, சுற்றுநிருபம் அவரிடம் இருந்ததால்.

பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். வந்து, இயந்திரங்கள் மனிதர்களைப் போலச் சிந்திக்கும் காலம் வரும் என்று நெடுநேரம் பேசினார். மனிதர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு முடிவதற்குள் சல்யூட் அடித்ததன் பற்றரி இறங்கிக் கை பாதியில் நின்றுவிட்டது.

பிறகு தரையில் ஒரு பெரிய வெள்ளைத் துணியை விரித்தார்கள். அதில் கறுப்பு நாடா ஒன்று பாம்பு போல வளைந்து வளைந்து ஒட்டப்பட்டிருந்தது. பேத்தி அதைத் தாண்டிப் போய் அதிகாரியிடம் கேட்டாள்.

"சேர், வரிசை எங்க சேர்?"

"இதுதான் வரிசை."

"இது கோடு சேர்."

"ஓம், கோடு. அதுதான் வரிசை. இங்கிலிசில லைன். லைனெண்டா வரிசை."

"லைனெண்டா கோடுந்தானே சேர்?" என்று வாயாடி முன்னுக்கு வந்தாள். "கோட்டைக் கோடெண்டு எழுதினா என்ன? உங்கட வீட்டில கொப்பியில கோடு போடாம வரிசையோ போடுறவை?"

"பிள்ளை, நான் எழுதேல்ல. கொழும்பில இருந்து வந்தது. மூண்டாம் பக்கத்தில படம் இருந்ததே, பாக்கேல்லையோ?"

"எங்களுக்கு வந்ததில ரெண்டு பக்கந்தான் சேர்."

அதிகாரி கையில் இருந்த கடதாசிக் கோவையைப் புரட்டினார். தமிழ்ப் பிரதியில் அவருக்கும் இரண்டு பக்கம்தான். போட்டோப் பிரதி எடுக்கும்போது மை முடிந்துவிட்டதாம். நான் எண்ணிப் பார்த்தேன். வந்திருந்த ஒன்பதில், கோட்டில் போகச் செய்யப்பட்டவை மூன்று. அந்த மூன்று பாடசாலைகளிலும் ஆங்கிலப் பிரதி வாசித்த யாரோ இருந்திருக்கிறார்கள். மற்ற ஆறும் வரிசை என்பதை ஆளுக்கொரு விதமாக விளங்கிக்கொண்டவை. பன்னீர் தெளித்த பாடசாலைக்காரர்கள் சீர்வரிசை என்று நினைத்திருந்தார்களாம்.

விளையாட்டு ஆசிரியர் இரக்கமுள்ளவர். "பிள்ளையள் பாவம். ஒரு அஞ்சாறு பேரை நிப்பாட்டி விட்டுப் பாப்பமே" என்றார். அதிகாரி சுற்றுநிருபத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆக்களை நிப்பாட்டச் சொல்லி இதில இல்லை" என்றார். எழுதியதைப் பின்பற்றினால் பிழை, எழுதாததைச் செய்தாலும் பிழை. நாற்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்கு இது விளங்கியது. பேத்திக்கு விளங்கவில்லை. அவள் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆளைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தார்கள். முன்னால் யாரும் இல்லை. வரிசையில் முன்னால் யாரும் இல்லையென்றால் நேரே போக வேண்டியதுதானே? போனது. முதல் வளைவில் கோடு வலப்பக்கம் திரும்பியது, அது திரும்பவில்லை. துணியைத் தாண்டி, நடுவர்களின் மேசையைத் தாண்டி, மண்டபத்தின் கோடிக்குப் போய், மாஜரின் மூடி சுவரில் பட்டதும் ஒழுங்காக நின்றது. சுவர் நகரும் என்று பொறுமையாகக் காத்து நின்றது. சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிலை எனக்குத் தெரிந்த நிலை.

முதற் பரிசு பெற்றதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது உண்மையில் நல்ல இயந்திரம். வெள்ளையையும் கறுப்பையும் பிரித்தறியும் இரண்டு கண்கள் வைத்துச் செய்திருந்தார்கள். கோட்டை விடாமல் பாதித் தூரம் அழகாகப் போனது. அந்த நேரம் பார்த்துப் பிரதம விருந்தினர் படம் எடுப்பதற்காகச் சப்பாத்தோடு துணியில் ஏறினார். கறுப்புச் சப்பாத்து, நல்ல பளபளப்பு. இயந்திரம் கோட்டை விட்டுவிட்டுச் சப்பாத்தைப் பிடித்தது. அவர் பின்னால் ஓர் அடி வைத்தார், அதுவும் வைத்தது. அவர் மேசையைச் சுற்றினார், அதுவும் சுற்றியது. சபை கைதட்டியது. விருந்தினருக்கும் மகிழ்ச்சி.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பல் வைத்தியர், "கோட்டை விட்டு விலகினதுதானே?" என்றார். அதிகாரி, "விலகினதுதான். ஆனா மரியாதையின் நிமித்தம் விலகினது" என்றார். முதலாமிடம் அதற்கே போயிற்று. இப்படிப்பட்ட போட்டிகள் மாணவர்களுக்கு எதிர்கால வாழ்க்கைக்கான வழியைக் காட்டுகின்றன என்று பத்திரிகைகள் எழுதுவதை நான் அன்றிலிருந்து மறுப்பதில்லை.

பேத்திக்கும் தோழிகளுக்கும் பங்குபற்றியதற்கான சான்றிதழ் கிடைத்தது. வாயாடி அதை எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். மற்றவள் தன்னுடையதை ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்துச் சுருட்டினாள். இருவரும் அன்று டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக வாசலிலேயே பிரிந்து போனார்கள். நாங்கள் மூவரும் ஓட்டோவில் ஏறினோம். இயந்திர மனிதன் பேத்தியின் மடியில்.

கொஞ்சத் தூரம் போனபின் மருமகன் வெளியே பார்த்தபடி சொன்னார்: "சரி. இனி வர்த்தகந்தானே?"

"ஓம்" என்றாள். அவ்வளவுதான். அவள் இரண்டு மாதமாகப் போட்ட சண்டைக்கு அந்த ஓம் மிகவும் சிறியது. அவர் அதற்குச் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் மடியில் இருந்த டின்னையே இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

செக்பொயின்ற்றில் வழக்கம் போல எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். ஓட்டோ வேறு பக்கத்தால் வரும், ஆட்கள் வரிசையில் போய், மேசையடியில் ஐசியைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, அப்பால் ஏற வேண்டும். அன்று வெயிலும் நெருக்கடியும் சேர்ந்த பின்னேரம். எங்களுக்கு முன்னால் முப்பத்திநாலு பேர். பேத்திக்கு முன்னால் கிண்ணியா ஊர் முஸ்லிம் அம்மா ஒருவர், கை நிறையச் சாமான் பை. பேத்திக்குப் பின்னால் மருமகன், அவருக்குப் பின்னால் நான்.

பேத்தி கொஞ்ச நேரம் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். பிறகு, ஒருவரிடமும் கேட்காமல், ஒரு பக்கமாக விலகி, அதைத் தன் இடத்தில் தரையில் வைத்தாள். பொத்தானைப் போட்டாள்.

"என்ன செய்யிறாய்? தூக்கு!" என்றார் மருமகன், பல்லுக்குள்.

"இவரைச் செய்தது இதுக்குத்தான் அப்பா. ஒருக்கா நிண்டிட்டு வரட்டும்."

"தூக்கெண்டுறன். பாக்கிறாங்கள்."

அவள் தூக்கவில்லை. அவளுடைய அந்தப் பிடிவாதத்தை எனக்குத் தெரியும், அது என் மகளுடையது. மருமகனுக்குக் குனிந்து தூக்கவும் பயம், சும்மா நிற்கவும் பயம். அதற்குள் வரிசை அசைந்தது. கிண்ணியா அம்மா ஓர் அடி வைத்தார். இயந்திர மனிதன் 'கிர்ர்' என்று போய், மாஜரின் மூடி அவருடைய சீலையில் பட்டதும் நின்றது.

"ஆரது கால்ல தட்டுறது?" என்று அவர் திரும்பினார். கீழே பார்த்தார். "அல்லாவே! இதென்ன புள்ள?"

"வரிசையில நிக்கிறார் அன்ரி. நீங்க போனா வருவார், நிண்டா நிப்பார்."

அவர் சோதித்துப் பார்க்க ஓர் அடி வைத்தார். வந்தது. நின்றார். நின்றது. "எங்கட மனிசனை விட நல்லாச் சொல்லுக் கேக்குது" என்றார். முன்னால் நின்ற நாலைந்து பேர் திரும்பிச் சிரித்தார்கள். அந்த வரிசையில் எத்தனையோ தரம் நின்றிருக்கிறேன், சிரிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது.

அப்போதுதான் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்தால் வந்தார். கிண்ணியா அம்மாவுக்கும் மருமகனுக்கும் இடையில் ஆள் ஒருவர் நிற்கும் அளவு வெளி இருந்தது, அதில் நின்றது ஒரு டின். அவர் சைக்கிளின் முன் சில்லை அதற்குள் விட்டார். மூடி சில்லில் பட்டது, இயந்திர மனிதன் மரியாதையாக நின்று இடம் கொடுத்தது.

என் மருமகன் செக்பொயின்ற்றில் வாய் திறக்காத மனிதர். கேட்டதற்கு மட்டும், அதுவும் பாதிப் பதில். அவர் சைக்கிளின் கைபிடியைப் பிடித்தார்.

"அண்ணை, பின்னுக்குப் போங்கோ."

"ஏன்? இங்க இடமிருக்கே."

"இடமில்லை. ஆள் நிக்கிறார்."

"ஆளோ? இது பால்மா டின்னெல்லோ!"

"டின்னெண்டாலும் அவர் உங்களுக்கு முதல் வந்தவர். உங்களை விட ஒழுங்கா நிக்கிறார். போங்கோ பின்னுக்கு."

சைக்கிள்காரர் சிரிக்கப் பார்த்தார், மருமகனின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டுப் பின்னால் போனார். பேத்தி தகப்பனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல், குனிந்து, வளைந்திருந்த குடைக் கம்பியை இரண்டு விரலால் நிமிர்த்திவிட்டார்.

சத்தம் கேட்டு முன்னால் மேசையடியில் இருந்து ஓர் ஆமிக்காரன் துவக்கோடு வந்தான். மிஞ்சிப் போனால் இருபது, இருபத்திரண்டு வயது. வரிசை வாயை மூடிக்கொண்டது. டின்னையும் வயரையும் பார்த்துவிட்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். மருமகன் பேத்தியை மெல்லப் பின்னால் தள்ளி, தான் முன்னால் வந்து நின்றார். சுருக்கமாக ஏதாவது சொல்லித் தப்புவார் என்று பார்த்தேன்.

அவர் விளங்கப்படுத்தத் தொடங்கினார். பிரிட்ஜ் கதவைத் திறந்து மூடுவது போலக் கையால் காட்டினார். அமர்த்தினால் நிற்கும், விட்டால் ஓடும் என்றார். முதலில் சீலைக்குள் கம்பி போய்விட்டதையும், அதற்கு மூடி ஒட்டியதையும் சொன்னார். கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது, அதற்கு இடப்பக்கச் சில்லுக்கு றப்பர் சுற்றியிருக்கிறது என்றார். அந்த றப்பர் விசயம் எனக்கே தெரியாது. பத்திரிகையில் அந்த ஒரே பக்கத்தை ஏன் அத்தனை நாள் வைத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. கடைசியில், தன் மகள் செய்தது என்று சிங்களத்தில் இரண்டு தரம் சொன்னார்.

ஆமிக்காரன் குந்தியிருந்து மூடியை ஒரு விரலால் அமர்த்தினான். விட்டான். அமர்த்தினான். விட்டான். பிறகு எழுந்து, கிண்ணியா அம்மாவை ஒரு பக்கம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, தானே அதற்கு முன்னால் முதுகு காட்டி நின்றான். ஓர் அடி வைத்தான். வந்தது. நின்றான். நின்றது. மேசையடியில் இருந்த மற்றவனைக் கூப்பிட்டான். அவனும் வந்து நின்று பார்த்தான். ஆளை மாற்றி ஆள் வரிசையில் நின்றார்கள். அதுவரைக்கும் வரிசையில் எல்லோரும் வெயிலில் காத்திருந்தோம். நாட்டில் ஆமியைப் பொதுமக்களுக்கு நடுவில் வரிசையில் நிறுத்திய கருவி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பரிசு கொடுக்க விதியில் இடமிருக்கவில்லை.

போகலாம் என்று கையைக் காட்டினார்கள். மருமகன் இயந்திர மனிதனைத் தானே தூக்கிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். மடியில் வைத்துக்கொண்டார். விழாமல் தலை டின்னை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

அலஸ்தோட்டத்துக்குக் கிட்டப் போகும்போது கேட்டார்: "அந்தக் கணித வாத்தியாற்ற வகுப்பு எத்தினை மணிக்கு முடியிறது?"

பேத்தி சந்தேகத்தோடு பார்த்தாள். "ஆறுக்கு. ஏன்?"

"ஆறு சரிவராது. இருட்டிப் போகும். அஞ்சரைக்கு விடச் சொல்லி நான் கேக்கிறன். விடாட்டி அஞ்சரைக்கு எழும்பி வா. நான் வாசல்ல சைக்கிளோட நிப்பன்."

"நான் தோத்துப் போனனே அப்பா."

"நீ எங்க தோத்தாய்? வரிசையெண்டு கேட்டாங்கள், வரிசையில விட்டுக் காட்டினாய். கோடெண்டு கேட்டிருந்தா அதையும் செய்திருப்பாய்." டின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆனா பற்றரி, வயர் ஒண்டும் பையில கொண்டு போகக் கூடாது. கொப்பி மட்டும். விளங்குதோ?" என்றார்.

"ஓம் அப்பா."

இந்த ஓம் பெரியது. ஓட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அவர்கள் இரண்டு பேரும் பிறகு டின்னின் இடப்பக்க இழுவையைப் பற்றி வாதாடத் தொடங்கினார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. செவ்வாயும் வியாழனும் வகுப்பு, போகும்போது இரண்டு செக்பொயின்ற், வரும்போது இரண்டு, ஆக ஒரு கிழமைக்கு எட்டு. இனி அந்த இரண்டு நாளும் தகப்பனும் மகளும் வீட்டுப் படலைக்குள் வரும்வரை நான் வாசலில் நிற்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே நான் கவலைப்படத் தொடங்கிவிட்டேன்.